தார் ரோட்டில் ஒரு தார்

பிடித்தம் ₹2,300. அதில் ₹1,500 வாழைக்கறைக்கு, ₹800 கீறலுக்கு.

இந்தக் கணக்கு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு நம்மவரின் கைபேசிக்கு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து இட்லிக்கும் சட்னிக்கும் நடுவில் அதை ஒருமுறை எடுத்துப் பார்க்கிறார். ‘ஸ்கிராட்ச்’ என்ற சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. தொகையில் ஒன்றும் விட்டுப்போகவில்லை.

நம்மவர் ஐம்பதைத் தாண்டியவர், சேலத்துக்காரர், பத்திரிகைகளுக்கு எழுதுபவர். சொந்தமாக ஒரு பழைய சின்னக் காரும் ஒரு முழங்கால் வலியும் வைத்திருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டவரும் இதை எழுதுகிறவரும் ஒரே ஆள் என்பதால் தட்ட முடியவில்லை. ஆசிரியர் அவரிடம் கேட்டது குண்டனி நாட்டைப் பற்றி ஒரு கட்டுரை. கொல்லிமலையில் ஊராட்சிகளுக்கு இன்னமும் நாடு என்றுதான் பெயர். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று போகும் வரிசையில் குண்டனி நாடும் ஒன்று. சோழர் காலத்துக் கல்வெட்டில் படிக்கிற சொல், இங்கே ஊராட்சி அலுவலகப் பலகையில் பெயின்டில் எழுதியிருக்கிறது. அங்கே போய்க் கண்டதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சொல்லிவிடலாம். அதற்கு முன் அந்தக் கீறலைப் பற்றி இரண்டு வார்த்தை.

எல்லாம் அக்கா பையனால் வந்த வினை. கலிஃபோர்னியாவில் இருக்கிறான். போன மாதம் டெத் வேலி தேசியப் பூங்காவுக்கு ஒரு ஜீப்பை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய், அங்கிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரிசையாகப் படம் போட்டான். 1913 ஜூலை 10ஆம் தேதி 56.7 டிகிரி செல்சியஸ் வெயில் பதிவாகி, இன்றுவரை உலக சாதனைப் பட்டியலில் இருக்கிற இடம். அதற்குள்ளே ரேஸ்டிராக் என்று காய்ந்த ஏரிப்படுகை ஒன்று. ஏறக்குறைய 43 கிலோமீட்டர் கரடுமுரடான மண்பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போனால், நட்ட நடுக் களிமண்ணில் கற்கள் கிடக்கும். ஒவ்வொரு கல்லுக்குப் பின்னாலும் அது நகர்ந்து வந்த தடம் நீளமாகக் கிடக்கும். ஆளில்லை, மிருகமில்லை, கல் தானாக நகர்ந்திருக்கிறது. அக்கா அதற்குக் கைகூப்பும் பொம்மை போட்டாள். மாமா முறைக்கு நம்மவரும் ஏதாவது போட்டாக வேண்டும். ‘நம்ம ஊர்ல இல்லாததா?’ என்று போட்டார்.

போட்ட பிறகுதான் யோசித்தார், நம் ஊரில் என்ன இருக்கிறது என்று. பாலைவனம் வேண்டுமென்றால் ஜெய்சல்மருக்குப் பக்கத்தில் பாலைவன தேசியப் பூங்கா இருக்கிறது. 3,162 சதுர கிலோமீட்டர், கானமயில் மிஞ்சியிருக்கும் சொற்ப இடங்களில் ஒன்று. சேலத்திலிருந்து இரண்டு நாள் விடுப்பில் போய்வர முடியாது. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடு இருக்கிறது. செம்மண் மணல்மேடு, பார்க்க அசல் பாலைவனம்தான். ஆனால் ஆசிரியர் கேட்டது குண்டனி நாடு. தொல்காப்பியரே பாலைக்கென்று தனியாக நிலம் ஒதுக்கவில்லை, நாம் எங்கே போய்த் தேடுவது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, பாலைவனத்துக்குப் போக முடியாவிட்டாலும் பாலைவனத்தின் பெயரை வைத்திருக்கிற வண்டியிலாவது குறிஞ்சிக்குப் போவோம் என்று முடிவெடுத்தார். மஹிந்திரா தார்.

அந்த வண்டிக்குப் பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ராஜஸ்தானத்துத் தார்ப் பாலைவனத்தை நினைத்து வைத்தார்கள். முதல் தார் வந்தது 2010இல். இப்போது கல்யாண மண்டப வாசல்களில் நிற்பது 2020 அக்டோபர் 2ஆம் தேதி விற்பனைக்கு வந்த இரண்டாவது தலைமுறை. தமிழுக்கு வந்ததும் பெயர் வேறு வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டது. தார் என்றால் ரோட்டில் காய்ச்சி ஊற்றுவது. தார் என்றால் வாழைக்குலை. பழைய செய்யுளில் தார் என்றால் அரசன் மார்பில் புரளும் மாலை. மாட்டை முடுக்குவது தார்க்குச்சி. ‘தார் எடுத்துக்கொண்டு போகிறேன்’ என்று நம்மவர் தன் அம்மாவிடம் சொன்னபோது, ‘பூவன் தாரா எடு, கற்பூரவல்லி வேண்டாம்’ என்றார் அம்மா.

வண்டியின் கணக்குகளை நம்மவர் ஒரு வாரம் மனப்பாடம் செய்தார். தரையிலிருந்து அடிவயிறு 226 மில்லிமீட்டர் உயரம். அதாவது ஒரு சாண். 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கலாம். ஏறக்குறைய ஒன்றரை முழம். கியர் குச்சிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டிக் குச்சி. அதைத் தள்ளினால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், இன்னும் தள்ளினால் யானை போல மெதுவாக, யானை போல பலமாக ஏறும். 1941இல் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ் ஜீப் பெருவாரியாக வரத் தொடங்கியது முதல், 1947இல் பம்பாயில் மஹிந்திராக்காரர்கள் அதை இறக்கிப் பூட்டி விற்றது வரை வரலாறும் படித்தார். குண்டனி நாட்டைப் பற்றிப் படித்தாரா என்று கேட்கக் கூடாது.

சனிக்கிழமை விடியற்காலை வாடகைக் கடை. ஊரும் வேண்டாம், பெயரும் வேண்டாம். எல்லா ஊரிலும் உண்டு, எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு டிரைவ்ஸ் என்று பெயர் இருக்கும். ஆதார் அசல், ஓட்டுநர் உரிமம் அசல், ₹10,000 டெபாசிட், நாளுக்கு 300 கிலோமீட்டர் எல்லை. வண்டி வாசலில் நின்றது. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து.

இந்த இடத்தில் சட்டம் கொஞ்சம். ஓட்டுநர் இல்லாமல் காரை வாடகைக்கு விட, மோட்டார் வாகனச் சட்டத்தின் 75ஆம் பிரிவின் கீழ் 1989இல் ஒரு திட்டம் வந்தது. அதன்படி உரிமம் வேண்டும். உரிமத்துக்குக் குறைந்தது 50 வண்டி வேண்டும். அப்படி விடப்படும் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கு மட்டும். அதை வாடகைக்கு எடுத்துப் போய் எங்கேயாவது மோதினால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடலாம். இதெல்லாம் நம்மவருக்குத் தெரியும். இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார்.

“சார், போலீஸ் யாராவது கேட்டா மச்சான் வண்டின்னு சொல்லிருங்க” என்றான் கடைப் பையன்.

“எந்த மச்சான்?”

“ஆர்.சி.ல இருக்கற பேருதாங்க.”

முகம் தெரியாத ஒருவருக்கு நம்மவர் அந்த நிமிடத்தில் மைத்துனர் ஆனார். அவருக்கு உண்மையிலேயே இரண்டு மச்சான்கள் உண்டு. ஒருவரும் இதுவரை வண்டி கொடுத்ததில்லை.

அப்புறம் பையன் கைபேசியை எடுத்தான். இங்கேதான் கீறல் வருகிறது.

வாடகை வண்டி எடுத்த எல்லோருக்கும் இந்தச் சடங்கு தெரியும். பையன் வண்டியை வலம் வந்து படம் பிடிப்பான். நாமும் அவன் பின்னாலேயே நம் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு வலம் வருவோம். அவன் படத்தில் நாம் படம் பிடிப்பது விழும். நம் படத்தில் அவன் படம் பிடிப்பது விழும். பழைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ‘வலது முழங்கையில் ஒரு மச்சம்’ என்று அங்க அடையாளம் எழுதுவார்களே, அந்தச் சிரத்தை. பதினொரு நிமிடப் படம். சொந்தக் கல்யாண வீடியோவையே நம்மவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து பார்த்ததில்லை. அதில் ஒவ்வொரு கீறலுக்கும் பெயர் உண்டு. நகத்தால் தடவினால் தட்டுப்படாதது உரசல். தட்டுப்படுவது கீறல். பெயின்ட் போய் உள்ளே வெள்ளை தெரிந்தால் ஆழக் கீறல். பரவலாக இருந்தால் சிராய்ப்பு. உள்ளே வாங்கியிருந்தால் சொட்டை. சொட்டையோடு கீறலும் இருந்தால் அதற்குத் தனிப் பெயர் இல்லை, தனித் தொகை மட்டும் உண்டு. ஏற்கெனவே இருக்கிற கீறல் பழசு; அதை ஒட்டி அரை அங்குலத்தில் நாம் போட்டால் புதுசு; பழசின் மேலேயே சரியாகப் போட்டுவிட்டால் அது பழசா புதுசா என்பதில் கடைக்குக் கடை கருத்து வேறுபாடு. நம்மவர் பழைய கீறல்களை எண்ணிக் குறித்துக்கொண்டார். பதினான்கு. மூன்று பக்கவாட்டில், ஐந்து முன் பம்பரில், இரண்டு பின் சக்கர வளைவில், மற்றவை ஸ்டெப்னி உறையில். ஸ்டெப்னி உறைக் கீறல் கணக்கில் வராது என்றான் பையன். அப்படியானால் நான் போட்டாலும் வராதா என்று கேட்டார் நம்மவர். அது வரும் என்றான்.

வண்டி கழுவி ஈரம் காயாமல் நின்றது. இதையும் கவனிக்க வேண்டும். ஈர வண்டியில் கீறல் தெரியாது. தண்ணீர் கீறலை நிரப்பிப் பளபளவென்று மூடிவிடும். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் இன்னும் தெரியாது. ஆகவே, கொடுக்கும் நேரம் விடியற்காலை, வண்டி ஈரம். வாங்கும் நேரம் இரவு, வண்டி காய்ந்திருக்கும், பையன் கையில் கைபேசி டார்ச் இருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் பூனை நடந்த தடம்கூட பள்ளத்தாக்காகத் தெரியும். டெத் வேலிக் கற்கள் போட்ட தடத்துக்கு யார் காரணம் என்று 1948 முதல் அறிவியலாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். காற்று என்றார்கள், பாசி வழுக்கல் என்றார்கள். கடைசியில் கல்லில் ஜி.பி.எஸ். கருவி பொருத்திக் காத்திருந்து, 2013 டிசம்பரில் நேரிலேயே பார்த்து, இரவில் உறையும் மெல்லிய பனித்தகடு காலையில் உடைந்து காற்றில் நகரும்போது கல்லையும் தள்ளிக்கொண்டு போகிறது என்று 2014இல் கட்டுரை வெளியிட்டார்கள். அறுபத்தாறு வருடம். ஞாயிறு இரவு எட்டரை மணிக்கு நம் பையன் டார்ச்சைச் சாய்த்து, “இது புதுசு சார்” என்று சொல்ல எடுத்துக்கொண்டது நாலு வினாடி. அவனை அங்கே அனுப்பியிருந்தால் 1948லேயே முடிந்திருக்கும். கல்லிடம் டெபாசிட்டும் வாங்கியிருப்பான்.

கீறல் இவ்வளவோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இந்த வாரம் முழுக்க நம்மவர் எதைப் பார்த்தாலும் கீறலைத்தான் பார்க்கிறார். ஃபிரிட்ஜில் ஒன்று. பீரோவில் ஒன்று, பிரிக்கப்படாத சொத்தாக அக்காவுக்கும் அவருக்கும் பொதுவானது. மூக்குக் கண்ணாடியில் ஒன்று. அது கண்ணாடியில் இருப்பதால் எதைப் பார்த்தாலும் அதில் இருக்கிறது. வண்டியில் பார்த்த பதினான்கில் ஒன்று இதுதானோ என்று புதன்கிழமை இரவு ஒன்றரை மணிக்கு எழுந்து உட்கார்ந்து, பதினொரு நிமிடப் படத்தை மறுபடி முதலிலிருந்து போட்டார். “ஏங்க, அந்தப் பணத்தை நான் தர்றேன், தூங்குங்க” என்றார் வீட்டம்மா. பணமா முக்கியம்? ஆமாம், பணம்தான் முக்கியம். ஆனால் வெளியே சொல்வது கொள்கை.

சரி, குண்டனி நாடு.

சேலம், ராசிபுரம், பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி என்பது வழி. பேளுக்குறிச்சிச் சனிச் சந்தையில் மிளகு, சீரகம், மஞ்சள் எல்லாம் மலிவாகக் கிடைக்கும் என்று வீட்டம்மா நான்கு பை எடுத்து வந்திருந்தார். நிறுத்தவில்லை. சந்தைக் கூட்டத்தில் சைக்கிள் ஹேண்டில்பார்கள் இருந்தன. ஒரு ஹேண்டில்பாருக்குக் குத்துமதிப்பாக ₹800. நான்கு பையும் மடித்தபடியே மலை ஏறின.

காரவள்ளியில் சோதனைச் சாவடி. நம்மவர் கண்ணாடியை இறக்கி, யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே, “மச்சான் வண்டிங்க” என்றார். அந்த மனிதர் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்றுதான் கேட்க வந்தார்.

ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைப் பாதையில் 40, கொல்லிமலைப் பாதையில் 70. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். வளைவு 5இல் உற்சாகம். 12இல் பாட்டு நின்றது. 17இல் வீட்டம்மா எலுமிச்சம்பழத்தை எடுத்தார். 23இல், பாதை ஏற்றமாகவும் தன்மானம் இறக்கமாகவும் இருந்த ஒரு தருணத்தில், நம்மவர் அந்தக் குட்டிக் குச்சியை முதன்முறையாகத் தேடினார்.

இல்லை.

குச்சி இருக்க வேண்டிய இடத்தில் சில்லறை போடுகிற குழி ஒன்று இருந்தது. 2023 ஜனவரியில் தாரில் இன்னொரு வகையும் விற்பனைக்கு வந்தது; வெளியே அதே மிடுக்கு, இழுப்பது பின்னால் இருக்கும் இரண்டு சக்கரம் மட்டும். விலை குறைவு, ஊருக்குள் ஓட்டுபவருக்கு அது போதும். நிறுவனம் அதை ஒளித்து வைக்கவில்லை, எல்லாவற்றிலும் எழுதித்தான் வைத்திருக்கிறது. ஒளித்து வைத்தது கடை. ஓரமாக நிறுத்திப் பேசினார்.

“ஃபோர் வீல்னு சொன்னீங்களே தம்பி?”

“நாலு வீலும் இருக்குதுங்களே சார்” என்றான் பையன்.

அப்போது பின்னாலிருந்து அரசுப் பேருந்து வந்தது. ஹாரனை ஒருமுறை அழுத்தியது. நம்மவர் இன்னும் கொஞ்சம் ஓரமாக ஒதுங்கினார். ஓட்டுநர் ஸ்டியரிங்கை ஒரு கையால் பெரிய வட்டமாகச் சுற்றி, அந்த நீளமான வண்டியை வளைவில் ஒரே வீச்சில் திருப்பிக்கொண்டு மேலே போனார். ஜன்னலோரத்தில் ஓர் அம்மா வாயில் வெற்றிலையோடு தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய மடியிலிருந்த பிளாஸ்டிக் குடம்கூட அசையவில்லை. அந்தப் பேருந்துக்கும் பின் சக்கரம்தான் இழுக்கிறது.

கொல்லிமலை என்றால் வல்வில் ஓரி. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்தான் என்று வன்பரணர் புறநானூற்று 152ஆம் பாட்டில் சொல்கிறார். செம்மேட்டில் சிலை இருக்கிறது. ஆடி 17, 18இல் அரசு விழா எடுக்கிறது. ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். அவனோடு போரிட்டுக் கொன்ற மலையமான் காரியின் குதிரைக்கும் காரி என்று பெயர். வண்டியும் ஆளும் ஒரே பெயரில் ஒன்றிப்போவது அப்போதே உண்டு. இன்றைக்கு ஒரு தெருவில் தார் வாங்கியவரை ‘தார்க்காரர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவருக்கு அதற்கு முன்னால் ஒரு பெயர் இருந்தது என்பது வங்கிக்கு மட்டும் தெரியும். சிலைக்கு முன்னால் நம்மவர் வண்டியை நிறுத்திப் படம் எடுத்தார். ஓரியின் குதிரை வாடகைக் குதிரை அல்ல என்பது அதன் முகத்திலேயே தெரிந்தது.

செம்மேட்டு டீக்கடையில் வழி கேட்டார்.

“குண்டனி நாட்டுக்குப் போற ரோடு எப்படிங்க? மோசமா இருக்குமா?” குரலில் ஒரு நப்பாசை.

டீ ஆற்றுகிறவர் வண்டியை மேலும் கீழும் பார்த்தார். “நல்லா இருக்குங்களே. இதுல எதுக்கு வந்தீங்க?”

இதற்கு அரசாங்கம்தான் காரணம். 2000 டிசம்பர் 25இல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் 500 பேர் இருந்தால் சாலை, மலை மாநிலத்திலும் பாலைவனப் பகுதியிலும் 250 பேர் இருந்தாலே சாலை என்று கணக்கு வைத்துக்கொண்டு நாடு முழுக்கப் போட்டுத் தள்ளியது. மாநில அரசு தன் பங்குக்கும் போடுகிறது. நாலு சக்கர இழுவை வண்டியின் விற்பனை ஏற ஏற, அதை ஓட்ட வேண்டிய மண்பாதை குறைந்துகொண்டே வருகிறது. மிச்சமிருக்கிற மண்பாதையில் ஏற்கெனவே டிவிஎஸ் எக்ஸெல் போய்க்கொண்டிருக்கிறது. 1980இல் ஓசூரில் ஐம்பது சிசி மொபெடாக ஆரம்பித்த வம்சம். இப்போதைய எக்ஸெல் நூறு சிசியைக்கூட முழுசாகத் தொடாது. நம்மவர் கண் முன்னால் ஒன்று போனது. முன்னால் பலாப்பழம் இரண்டு, பின்னால் மூட்டை, மூட்டையின் மேல் ஒரு பையன், பையன் கையில் ஒரு கோழி. தார் ரோட்டை விட்டு இறங்கி, வரப்பு மாதிரி இருந்த ஒரு தடத்தில் ஏறி, புதருக்குள் போய் மறைந்தது. அவர்கள் யாரும் அதற்குமுன் வண்டியைச் சுற்றி வந்து படம் பிடித்திருக்க மாட்டார்கள்.

செம்மேட்டைத் தாண்டியதும் சாலை குறுகியது. ஏற்றத்தில் நம்மவர், எதிரே இறக்கத்தில் ஒரு மினி பேருந்து. மலைப்பாதையில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. விதி நம்மவருக்குத் தெரியும், மினி பேருந்து ஓட்டுநருக்கும் தெரிந்திருக்கும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நம்மவர் இடப்பக்கம் ஒடித்தார். அங்கே உண்ணிச்செடி. ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூத்து, பார்க்க ரம்மியமாக இருக்கும், தண்டெல்லாம் முள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரன் தோட்டத்து அழகுக்கென்று தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து வைத்தது. தோட்டத்தை விட்டு இறங்கி இந்தியக் காடெல்லாம் பரவிவிட்டது. கரகரவென்று ஒரு சத்தம். வண்டிக்குள் இருந்தவர்கள் அந்தச் சத்தத்தைப் பல்லில் உணர்ந்தார்கள். இருநூறு வருடத்துக்கு முன் எவனோ ஒரு துரை ரசனைப்பட்டதற்கு ₹800 கட்டியவர் சேலத்துக்காரர்.

குண்டனி நாட்டுக்குள் வண்டி நுழைந்ததும் நம்மவர் நிறுத்தினார். இறங்கினார். குனிந்தார். எச்சில் தொட்டுத் தேய்த்தார். போகவில்லை. வேட்டி நுனியால் தேய்த்தார். தேங்காய் எண்ணெய் தடவினால் மங்கும் என்று எங்கேயோ படித்த ஞாபகம். பக்கத்தில் ஒரு வீட்டில் கேட்டு வாங்கித் தடவினார். மங்கியது, காய்ந்ததும் பழையபடி தெரிந்தது. எண்ணெய் கொடுத்த அம்மா திண்ணையில் உட்கார்ந்து அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இந்த மலையில் சாமை, தினை, பனிவரகு விதைகளைக் காப்பாற்றப் பாடுபட்டிருக்கிறது. அதைப் பற்றி இங்கே யாரிடமாவது கேட்க வேண்டுமென்று நம்மவர் குறிப்பேட்டில் ஒன்பது கேள்வி எழுதி வந்திருந்தார். மலையாளிப் பழங்குடி மக்களின் நாட்டு வழக்கம், ஊர்ப் பெரியவர் முறை, மரவள்ளி வந்து சிறுதானியத்தை ஓரங்கட்டியது என்று நல்ல கேள்விகள். அந்த அம்மாவிடம் அவர் கேட்டது பத்தாவது கேள்வி: “பழைய பனியன் துணி இருக்குங்களா?”

இருந்தது.

திரும்பும்போது ஒரு பெரியவர் கைகாட்டினார். எக்ஸெல் பஞ்சர், சாய்த்து நிறுத்தியிருந்தார். பக்கத்தில் இரண்டு வாழைத்தார். “சோளக்காடு சந்தை வரைக்கும் இந்தத் தாரை வெச்சுக்கறீங்களா தம்பி?” வாழை, பலா, அன்னாசி, மிளகு எல்லாம் கைமாறும் சந்தை அது. நம்மவர் சொல்லத்தான் வாயைத் திறந்தார். இது வாடகை வண்டி, அதுவும் மச்சான் வண்டி. அதற்குள் வீட்டம்மா பின் கதவைத் திறந்து, “வைங்க தாத்தா” என்று சொல்லிவிட்டார். பேளுக்குறிச்சியில் நிறுத்தாததற்கு இது.

இப்போது வெட்டிய தார். தண்டின் வெட்டுவாயில் சாறு சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டும்போது நிறமே இல்லை, தண்ணீர் மாதிரி. துணியில் பட்டு ஒரு மணி நேரம் போனால் பழுப்பு. ஒரு நாள் போனால் கறுப்பு. அப்புறம் துணி கிழியும்வரை போகாது. இதைத் தமிழ்நாட்டில் எந்தக் குழந்தையும் சொல்லும், தன் பள்ளிச் சட்டையைக் காட்டி. கடைக்காரர் பின் இருக்கைக்குப் போட்டிருந்தது சந்தன நிற உறை. பெரியவர் சோளக்காட்டில் இறங்கும்போது பையிலிருந்து பழுத்த சீப்பு ஒன்றை எடுத்து வீட்டம்மா கையில் கொடுத்தார். வாங்கவில்லை என்றால் கோபித்துக்கொள்வேன் என்றார். மலைவாழை; தோல் கறுத்து, பழம் கெட்டியாக, வண்டி முழுக்க வாசனை.

ஆகாய கங்கையைப் பற்றியும் ஒரு வரி சொல்ல வேண்டும். அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்க வேண்டும். எந்த வண்டியும் போகாது. இரவு தங்கி ஞாயிறு காலையில் போய் நம்மவர் இருபது படி இறங்கினார். முழங்கால் பேசியது. மேலே வந்து வண்டிக்குக் காவல் உட்கார்ந்தார், அதன் மேல் குரங்கு உட்காராமல்.

ஞாயிறு இரவு எட்டரைக்குக் கடை. பையன் டார்ச்சோடு வலம் வந்தான். உண்ணிச்செடிக் கீறலைக் கண்டான். பின் கதவைத் திறந்தான். உறையில் இரண்டு கறைகள், ஒன்று இந்தியா மாதிரி, இன்னொன்று இலங்கை மாதிரி, கிட்டத்தட்ட சரியான இடத்தில். ஈரத் துணியால் துடைத்தான். இந்தியா இன்னும் பெரிதானது. வீட்டம்மா அவன் கையில் ஒரு பழம் கொடுத்தார். ஒரு கையில் துணி, ஒரு கையில் பழம். கடித்தான். துடைப்பதை நிறுத்தினான்.

“பழம் அருமையா இருக்குதுங்க அக்கா. எந்த ஊர்ல வாங்குனீங்க?”

“குண்டனி நாடு” என்றார் நம்மவர்.

“அது எங்கீங்க சார் இருக்குது? என்ன இருக்கும் அங்க?”

இரண்டு நாளில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது. நம்மவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பையன் தோலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டார்ச்சோடு ஸ்டெப்னி உறைப் பக்கம் போய்விட்டான்.